தண்ணீர் தெளிந்தால் போதுமா? எண்ணூர் சேற்றுக்குள் இருக்கும் எண்ணெய்

எண்ணெய்க் கசிவு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரே மாதிரியான படம்தான். கறுப்பாக மிதக்கும் தண்ணீர், சிறகு ஒட்டிப்போன ஒரு பறவை, கையில் வாளியோடு சில ஆட்கள். அந்தப் படம் பத்து நாள் செய்தித்தாளில் வரும். அப்புறம் தண்ணீர் கொஞ்சம் தெளியும். கரைக் கல்லிலும் படகின் ஓரத்திலும் கறை மட்டும் மிச்சம் இருக்கும். "சுத்தப்படுத்தும் பணி முடிந்தது" என்று ஓர் அறிவிப்பு வரும். டி.வி. சேனல்கள் அடுத்த செய்திக்குப் போய்விடும்.

ஆனால் அந்த எண்ணெய் எங்கே போனது?

கொஞ்சம் ஆவியாகிவிட்டது, உண்மைதான். கொஞ்சம் வாளியிலும் டேங்கர் லாரியிலும் ஏறியது. கொஞ்சம் கடலோடு போனது. மிச்சம்? மிச்சம் ஆற்றின் அடியில், சேற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதைப் படம் பிடிக்க முடியாது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

இந்தியாவில் ஒரு முகத்துவாரம் சுத்தமாகிவிட்டதா இல்லையா என்பது தண்ணீரின் மேற்பரப்பை வைத்தே முடிவு செய்யப்படுகிறது. அது தவறு. சேற்றைச் சோதிக்காமல் ஒரு முகத்துவாரத்துக்கு "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுப்பது, ஸ்கேன் எடுக்காமல் முகத்தைப் பார்த்தே நோயாளியை டிஸ்சார்ஜ் செய்வது மாதிரி. இதற்கு எண்ணூரை விடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

எண்ணூரில் நடந்தது என்ன?

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் அதே ஆறுதான். பக்கிங்காம் கால்வாயும் இங்கேதான் வந்து சேர்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று சுற்றிலும் மீனவக் குப்பங்கள். இறால், நண்டு, மடவை, கொடுவா என்று இந்த உப்பங்கழி பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதே இடத்தைச் சுற்றித்தான் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலைகள் எல்லாம் வந்தன.

2017 ஜனவரி 28 அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. கனரக எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. முதலில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு வந்த மதிப்பீடுகள் நூறு டன்னைத் தாண்டின. எர்ணாவூர் பக்கம் கற்களுக்கு நடுவே தார் மாதிரி தேங்கி நின்ற கசடை, மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளினார்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு எண்ணெயை வாளியில் அள்ளுகிறதே என்று அப்போது பலர் கேலி செய்தது ஞாபகம் இருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னையே மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் புகுந்து, படகு, வலை, அலையாத்திச் செடிகள், வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் படிந்தது. கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்றன. தங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை என்று மணலியில் உள்ள பொதுத்துறை சுத்திகரிப்பு நிறுவனமான சி.பி.சி.எல். விளக்கம் சொன்னது. அந்த நிறுவன வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை, அங்கிருந்து வந்த வெள்ளத்தோடுதான் எண்ணெய் வெளியேறியது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கடலோரக் காவல்படையின் கணக்குப்படி எண்ணெய் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்தது.

பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்குத் தலா 12,500 ரூபாய், சேதமான படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. மிதவைத் தடுப்பு போட்டார்கள். உறிஞ்சும் லாரிகள் வந்தன. மீனவர்களே படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். சில வாரங்களில் தண்ணீர் தெளிந்தது.

கதை அங்கே முடிந்துவிட்டதாகத்தான் நகரத்தில் நினைக்கிறார்கள்.

ஹைட்ரோகார்பன்... கொஞ்சம் வேதியியல்

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தார், மெழுகு எல்லாமே ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த ஒரே குடும்பம். ஆனால் குடும்பத்தில் எல்லோரும் ஒரே குணம் இல்லை.

பென்சீன், டொலுயீன் மாதிரி சின்ன மூலக்கூறுகள் சீக்கிரம் ஆவியாகிவிடும். கசிவு நடந்த முதல் சில நாட்களில் கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் திணறல் என்று மக்கள் சொல்வதற்கு இவைதான் முக்கியக் காரணம். நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை நுண்ணுயிர்கள் ஓரளவு சுலபமாகத் தின்றுவிடும். பிரச்னை மூன்றாவது கூட்டத்தில்தான். பென்சீன் வளையங்கள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒட்டிக்கொண்டிருக்கும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள். ஆய்வுக் கட்டுரைகளில் சுருக்கமாக 'பி.ஏ.எச்.' என்பார்கள். நாப்தலீன், அதாவது பீரோவில் போடும் பாச்சை உருண்டை, இதில் மிகச் சின்னது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவற்றில் 16-ஐ முதலில் கண்காணிக்க வேண்டியவை என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்றான பென்சோ-ஏ-பைரீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த பி.ஏ.எச்.களுக்குத் தண்ணீர் பிடிக்காது. பென்சோ-ஏ-பைரீனைத் தண்ணீரும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும் சேர்ந்த ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால், தண்ணீரில் ஒரு பங்கு தங்கும் இடத்தில் மற்றதில் ஏறத்தாழ பத்து லட்சம் பங்கு போய்ச் சேரும். ஆற்றில் அப்படி ஒட்டிக்கொள்ள அதற்குக் கிடைப்பது எது? மக்கிய இலையும் உயிர்ப்பொருளும் கலந்த நுண்ணிய களிமண் துகள்.

இதனால்தான் தண்ணீர் மாதிரியை மட்டும் எடுத்துச் சோதித்தால் "அளவுக்குள் இருக்கிறது" என்று முடிவு வருவது சகஜம். சோதனையில் தப்பில்லை. தேடும் பொருள் தண்ணீரில் இல்லை என்பதுதான் விஷயம்!

முகத்துவாரம் என்ற பொறி

அப்படியானால் எல்லா ஆற்று அடியிலும் இதே கதைதானே என்று கேட்கலாம். இல்லை. முகத்துவாரம் ஒரு தனிப் பொறி.

ஆற்று நீரில் வரும் களிமண் துகள்கள் ஒரே மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தே வரும். உப்புத் தண்ணீரைத் தொட்டதும் அந்தத் தள்ளுவிசை அடங்கிப் போகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு திரள்கின்றன, கனமாகின்றன, அடியில் இறங்குகின்றன. பால் திரிவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் ஒட்டிய துகளும் சேர்ந்தே இறங்குகிறது. மேலே இருந்து ஆறு தள்ளுகிறது, கீழே இருந்து கடல் ஏற்றம் தள்ளுகிறது, நடுவில் வண்டல் சிக்கிக்கொள்கிறது. முகத்துவாரங்கள் வளமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அதே காரணத்தால்தான் அவை விஷத்தையும் சேர்த்து வைக்கின்றன.

இறங்கிய பிறகு என்ன ஆகும்? முகத்துவாரச் சேற்றில் மேலே சில மில்லிமீட்டர் வரைதான் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே தோண்டினால் கறுப்பு நிறமும் அழுகிய முட்டை வாடையும் வரும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் நன்றாக வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் சிதைவு நத்தை வேகத்தில் நடக்கும். ஒரு வருஷம் படிந்த எண்ணெய் மேல் அடுத்த வருஷ வண்டல் மூடும். மூடி வைத்த ஊறுகாய் ஜாடி மாதிரி உள்ளே அப்படியே இருக்கும்.

ஜாடியை யாராவது திறக்காத வரைதான் இந்த அமைதி. பெரிய வெள்ளம் வந்தால் திறக்கும். தூர்வாரினால் திறக்கும். கப்பல் வழிக்காக ஆழப்படுத்தினால் திறக்கும். வளை தோண்டும் நண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே இருக்கிறது.

அமெரிக்க நண்டுகள் சொன்ன சாட்சி

இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1969 செப்டம்பர் 16. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஃபால்மவுத் அருகே 'ஃப்ளோரிடா' என்ற சரக்குப் படகு பாறையில் தட்டி, ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர் டீசல் வகை எண்ணெய் கொட்டியது. எண்ணெய் வைல்ட் ஹார்பர் என்ற உப்புச் சதுப்பு நிலத்துக்குள் புகுந்தது. பக்கத்திலேயே புகழ்பெற்ற வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிலையம் இருந்ததால், விஞ்ஞானிகள் அன்றிலிருந்தே மாதிரி எடுக்க ஆரம்பித்தார்கள். விடவே இல்லை.

30 வருஷம் கழித்து அதே சேற்றைத் தோண்டியபோது, சுமார் 8 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் எண்ணெய் இன்னமும் இருந்தது. 2007-ல் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அந்த இடத்துப் பிடில் நண்டுகள் ஆழமாக வளை தோண்டுவதில்லை. எண்ணெய் அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன. ஆபத்து வந்தால் ஓடும் வேகமும் குறைந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், அந்த நண்டுகள் கசிவு நடந்தபோது பிறக்கவே இல்லை. மேலே புல் பச்சையாக இருக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். நண்டுக்கு மட்டும் தெரிகிறது.

எண்ணூர் வெப்பமான இடம், அங்கே எண்ணெய் சீக்கிரம் சிதையும் என்று ஒரு பதில் வரலாம். ஆக்சிஜன் இருக்கும் மேல் அடுக்கில் அது சரி. ஆனால் வெப்பம் ஆக்சிஜனைக் கொண்டுவராது. தவிர, வெஸ்ட் ஃபால்மவுத்தில் கொட்டியது ஒரு தடவை. எண்ணூரில் 7 வருஷத்துக்குள் இரண்டு பெரிய சம்பவங்கள். நடுவில் ஒவ்வொரு நாளும் நடப்பது தனி.

தினமும் சொட்டுவது யார் கணக்கு?

கப்பல் மோதினால் செய்தி. மெக்கானிக் ஷாப்பில் மாற்றிய பழைய என்ஜின் ஆயில் சாக்கடையில் போனால் செய்தி இல்லை. படகின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினால் செய்தி இல்லை. ரோட்டில் சொட்டிய டீசல் முதல் மழையில் வானவில் நிறத்தில் வடிகாலுக்குள் ஓடினால் செய்தி இல்லை. நிலக்கரி தூசும் வாகனப் புகைக் கரியும் தண்ணீரில் விழுந்தால் செய்தியே இல்லை.

ஆனால் கணக்குப் பார்த்தால் இவைதான் பெரிசு. அமெரிக்க தேசிய அகாடமிகள் 2022-ல் வெளியிட்ட எண்ணெய் மாசு அறிக்கை, வட அமெரிக்கக் கடல்களுக்குப் போகும் எண்ணெயில் நிலத்திலிருந்து ஓடி வருவதுதான் முதலிடம் என்று சொல்கிறது. பெருநகரங்களும் வாகனங்களும் பெருகியதைக் காரணமாகக் காட்டுகிறது. சென்னைக்கு இது பொருந்தாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. சேறு பொய் சொல்லாது. கச்சா எண்ணெயிலிருந்து வந்த பி.ஏ.எச்.களும், நிலக்கரி, டீசல், விறகு எரிந்ததிலிருந்து வந்தவையும் வேறு வேறு விகிதத்தில் இருக்கும். பெனாந்த்ரீனுக்கும் ஆந்த்ரசீனுக்கும் உள்ள விகிதம் பத்துக்கு மேல் போனால் பொதுவாக எண்ணெய்க் கசிவு, குறைந்தால் எரிபொருள் புகை என்பது ஆய்வகங்களில் பயன்படும் ஒரு முதல்கட்ட அடையாளம். 'ஹோபேன்' என்ற சிதையாத சேர்மங்களின் வடிவத்தைப் பார்த்து, இந்த எண்ணெய் எந்தத் தொட்டி எண்ணெயோடு பொருந்துகிறது என்று கிட்டத்தட்ட கைரேகை மாதிரியே ஒப்பிடலாம். இத்தனை வசதி இருந்தும், ஒவ்வொரு தடவையும் "எங்களுடையது இல்லை" என்ற வாக்குவாதத்தில்தான் முதல் வாரம் வீணாகிறது. கசிவு நடப்பதற்கு முன்பே சேற்றின் நிலை என்ன, அந்த வட்டாரத்தில் யார் யார் என்ன எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்று பதிவு இருந்தால், இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை.

மீனவரின் இக்கட்டு

இந்த விஷயத்தில் ரொம்பப் பேசத் தயங்குபவர்கள் யார் தெரியுமா? பாதிக்கப்பட்டவர்களேதான்.

மீனில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் மீனவர். அதை வெளியே சொன்னால் அடுத்த நாள் மார்க்கெட்டில் எண்ணூர் மீன் என்றாலே ஆள் நகர்ந்துவிடுவார்கள். கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத்தான் நஷ்டம். சொல்லாமல் இருந்தால், அதே மீனைச் சமைத்துச் சாப்பிடுவது அவர் வீட்டுக் குழந்தையும்தான். சொன்னால் வருமானம் போகும், சொல்லாவிட்டால் உடம்பு போகும். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு அந்தச் சேறுதான் ஆபீஸ்.

இந்த இக்கட்டுக்கு வழி மௌனம் அல்ல. சரியான தகவல். எல்லா மீனும் ஒன்றில்லை. துடுப்பு மீன்களின் கல்லீரல் பி.ஏ.எச்.களை ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். சிப்பி, ஆளி, மட்டி மாதிரி ஓட்டுயிர்களுக்கு அந்தத் திறமை குறைவு, அதனால் அவற்றின் உடம்பில் தேங்கும். ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி வகைகளுக்கு ஒரு கிலோவில் 5 மைக்ரோகிராம் பென்சோ-ஏ-பைரீன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. எண்ணூரில் மாதாமாதம் மீன், நண்டு, இறால், மட்டி என்று தனித்தனியாகச் சோதித்து, "இது பிரச்னையில்லை, இதை ஆறு மாதம் தவிர்க்கவும்" என்று தமிழில் பலகை வைத்தால் என்ன நடக்கும்? நல்ல மீன் தயக்கமில்லாமல் விற்கும். கெட்டதற்கு நஷ்டஈடு கேட்க கையில் ஆதாரம் இருக்கும். இப்போது இரண்டும் இல்லை. வதந்திதான் விலையைத் தீர்மானிக்கிறது.

12,500 ரூபாய் நிவாரணத்தைக் குறை சொல்வது நோக்கமில்லை. வலை போன வாரத்தில் அந்தப் பணம் பெரிய விஷயம்தான். ஆனால் அது சில வாரத்து வேலை இழப்புக்கான கணக்கு. சேற்றின் கணக்கு வருஷங்களில் ஓடுகிறது. நைஜீரியாவின் போடோ என்ற ஊரில் 2008-லும் 2009-லும் ஷெல் நிறுவனத்தின் குழாய்க் கசிவால் அலையாத்திக் கழிகள் நாசமாயின. லண்டன் நீதிமன்றம் வரை போய், 2015-ல் 5.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் ஆனது. 15,600 பேருக்கு 3.5 கோடி, ஊருக்குப் பொதுவாக 2 கோடி. அதே ஒகோனி வட்டாரத்தை ஆய்வு செய்த ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, முழுதாக மீள 25 முதல் 30 வருஷம் ஆகலாம் என்று 2011-லேயே சொன்னது. பணம் வாங்கியபிறகும் சேறு காத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் போடோ சொல்லும் பாடம்.

"வேறு வழி?" என்று கேட்பவர்களுக்கு

எதிர்த்தரப்பு வாதங்களையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, "சுத்திகரிப்பு ஆலை இல்லாமல் உங்கள் பைக் ஓடுமா?" ஓடாது. மணலி ஆலை 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பல்லாயிரம் குடும்பங்கள் அந்தத் தொழிற்பேட்டையை நம்பி வாழ்கின்றன. ஆலையை மூடு என்பது கோரிக்கை இல்லை. மழை பெய்தால் எண்ணெய் வெளியே வராதபடி ஆலை இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் எதிர்பாராத விருந்தாளிகள் இல்லை. எண்ணெய் தேங்கும் வளாகத்தின் மழைநீரைத் தனியாகத் தேக்கி, பிரித்து, சுத்தம் செய்து விடும் கொள்ளளவு இருந்தே ஆக வேண்டும். ஆலை கழிவுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போவது அந்தக் குழாய் முனையைத் தொடுவதே இல்லை. அதனால் விதியும் காப்பாற்றப்படுகிறது, ஆறும் கெடுகிறது!

இரண்டாவது, "சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டால் போயிற்று." இது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆபத்தானது. தூர்வாரும்போது புதைந்திருப்பது கலங்கி மறுபடி தண்ணீரில் சேரும். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. சில இடத்தில் தோண்டுவது சரி, சில இடத்தில் தொடாமல் விடுவது சரி. எது எங்கே என்று தெரிய வேண்டுமானால் முதலில் அளவெடுக்க வேண்டும். மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

மூன்றாவது, "பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்." டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' மாதிரி பாக்டீரியாக் கலவைகள் இந்தியாவில் உண்டு. அள்ளிய கசடைத் தரையில் பரப்பி, கிளறி, காற்றுப் படவைத்துச் சிதைக்க அவை நன்றாக உதவும். ஏற்ற இறக்கம் உள்ள கழியின் அடியில், ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் அதே மாயம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேட்க வேண்டியவை நான்கே

பெரிய பட்டியல் தேவையில்லை.

ஒன்று, அடிப்படை அளவீடு. கொசஸ்தலை முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாயின் வடபகுதி, பழவேற்காடு வரை குறிப்பிட்ட இடங்களில் வருஷம் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சேற்றில் பி.ஏ.எச். அளவெடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் சுரண்டாமல் குழாய் இறக்கி அடுக்கு அடுக்காக எடுக்க வேண்டும்.

இரண்டு, சேற்றுக்கு ஒரு தரநிலை. இந்திய முகத்துவாரங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், கடைசியில் கனடா அல்லது அமெரிக்க வழிகாட்டு எண்களோடு ஒப்பிட்டுத்தான் முடித்திருப்பார்கள். அமெரிக்க எண்களின்படி ஒரு கிராம் உலர்ந்த வண்டலில் மொத்த பி.ஏ.எச். சுமார் 4 மைக்ரோகிராமைத் தாண்டினால் உயிர்களுக்குப் பாதிப்பு ஆரம்பிக்கலாம், சுமார் 45-ஐத் தாண்டினால் பாதிப்பு சகஜம். தொடக்கப் புள்ளியாக அது பரவாயில்லை. ஆனால் அந்த எண்கள் எண்ணூர் இறாலையும் சேற்று நண்டையும் பார்த்துப் போட்டவை இல்லை. இங்கே உள்ள உயிர்களை வைத்து இங்கே ஒரு எண் வேண்டும்.

மூன்று, "பணி முடிந்தது" என்பதற்குப் புதிய அர்த்தம். மேற்பரப்பில் படலம் போனால் அது முதல் கட்டம். சேற்றின் அளவு பழைய நிலைக்கு வந்தால்தான் கடைசிக் கட்டம். அதுவரை கண்காணிப்புச் செலவு மாசுபடுத்தியவர் பொறுப்பு. பத்து வருஷம் ஆனால் பத்து வருஷம்.

நான்கு, முடிவுகள் குப்பத்துக்கு வர வேண்டும். ஆங்கிலத்தில் 200 பக்க பி.டி.எஃப். ஆக இல்லை. தமிழில், ஏலக் கூடத்தில், எண்ணோடு.

கல்லூரி மாணவர்களுக்கும் இதில் இடமுண்டு. சென்னையைச் சுற்றி வேதியியல், விலங்கியல், சுற்றுச்சூழல் படிப்பவர்கள் எத்தனையோ பேர். கடைசி வருஷ புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைபவர்களும் அதே அளவு! எண்ணூர் சேற்றை ஒரு மாணவர் ஒரு வருஷம் அளந்தால் அது ஒரு புராஜெக்ட். இருபது வருஷம் தொடர்ந்து இருபது பேட்ச் அளந்தால் அது ஒரு ஆவணம். வெஸ்ட் ஃபால்மவுத்தில் நடந்தது அதுதான். அங்கே பெரிய சட்டம் வந்து சேற்றின் உண்மையை வெளிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் தெளிந்த பிறகும் சிலர் திரும்பத் திரும்பப் போய்த் தோண்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு புயல் வரும். அது நிச்சயம். அன்றைக்குக் கொசஸ்தலையில் மறுபடி எண்ணெய் மிதந்தால், "இதற்கு முன்னால் இந்தச் சேற்றில் எவ்வளவு இருந்தது?" என்று நீதிபதி கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு எண் தயாராக இருக்குமா, இல்லை மறுபடி வாளிதானா என்பது இப்போது எடுக்கும் முடிவில் இருக்கிறது.